ஸ்கோப்பன் ஜாக்கி

அப்பா சீட்டைக் கடதாசி என்பார். நம் இஸ்பேட் அவருக்கு ஸ்கோப்பன், கிளாவர் கலாவரை, துருப்பு துரும்பு. சிலோன் தோட்டத்தில் பிறந்து குன்னூர்ப் பக்கம் குடியேற்றப்பட்டவர். அவர் வார்த்தைகளைக் கேட்டு லைன் வீடுகளில் சிரிப்பார்கள். எனக்கும் வெட்கமாகத்தான் இருக்கும்.

அவர் ஆட்டத்தில் ஜாக்கிதான் உச்சம், அடுத்தது ஒன்பது. ஏஸும் ராஜாவும் அதற்குப் பின்னால் கைகட்டி நிற்க வேண்டும்.

தேயிலை விலை படுத்துவிட்ட சமயம். பேக்டரி பாய்லருக்கு ஓர் ஆள் போதும் என்றார்கள். இருந்தது இரண்டு பேர், அப்பாவும் பக்கத்து வீட்டுக்காரரும். ஒரே சர்வீஸ். யாரை நிறுத்துவது என்று விளங்காத சூப்பர்வைசர் மகானுபாவர் மேஜையில் சீட்டுக்கட்டை விரித்து, பெரிய சீட்டு எடுப்பவருக்கு வேலை என்றாராம்.

அப்பா முதலில் எடுத்தார். ஸ்கோப்பன் ஜாக்கி. அதைக் காட்டி, கும்பிட்டு, மற்றவர் எடுப்பதைப் பார்க்காமலே வந்துவிட்டார். தோற்பவர் முகத்தைப் பார்க்க அவருக்கு மனசு வரவில்லை. வேலை நிலைத்துவிட்டது என்று வீட்டில் சொன்னார். அம்மா அப்பளம் பொரித்தாள்.

மறுநாள் சோற்றுத் தூக்குப்போசியோடு வேலைக்குப் போனார். பக்கத்து வீட்டுக்காரர் பாய்லருக்குள் விறகு தள்ளிக்கொண்டிருந்தார். அவர் எடுத்தது ராஜா.

"எங்க ஆட்டத்துல ஜாக்கிக்கு மேல ஒன்னுமில்லைங்க" என்றாராம் அப்பா.

பக்கத்து வீட்டுக்காரருக்கு அது புரியவே இல்லை. "நீங்க மனசார உட்டுக்குடுத்துட்டுப் போறீங்கன்னு நெனச்சனுங்கண்ணா" என்று கையைப் பிடித்துக்கொண்டாராம்.

அப்பா திரும்பி வந்து, காலை எட்டு மணிக்கே மத்தியானச் சோற்றைச் சாப்பிட்டார். அம்மா ரசம் ஊற்றினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகையும் வரவில்லை, கோபமும் வரவில்லை. இன்றும் மனசில் அந்த இடம் மரத்துத்தான் கிடக்கிறது.

ரொம்ப வருஷம் கழித்து, ஊட்டி நூலகத்தில் சீட்டுகளின் சரித்திரம் கையில் கிடைத்தது. இஸ்பேட்டுக்குப் பின்னால் ஒரு வாள் இருக்கிறதாம். தெற்கு ஐரோப்பியச் சீட்டுகளில் வாளையே வரைந்திருந்தார்கள். ஸ்கோப்பனுக்குப் பின்னால் இருப்பது ஒல்லாந்தரின், அதாவது டச்சுக்காரர்களின், மண்வெட்டி. இலங்கையை ஆண்டபோது விட்டுப்போன வார்த்தை. ஜாக்கியை ராஜாவுக்கு மேலே வைப்பதும் அவர்கள் வழிதான் என்கிறார்கள். ஜாக்கிக்கு அவர்கள் வைத்த பெயர் குடியானவன்.

அப்பா உளறவில்லை. இதைச் சொல்லத்தான் அன்று வேகமாக வீட்டுக்குப் போனேன். வாசலில் நாலு பேரோடு ரம்மி ஆடிக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

பிறகு கையிலிருந்த ஜாக்கியைக் கீழே போட்டு, "இஸ்பேட்" என்றார்.