ஒரு ஜிக், இரண்டு நிஷாதம்

நான் இருப்பது டப்ளினில். அயர்லாந்து என்று அவசரப்படாதீர்கள். இது கலிஃபோர்னியா டப்ளின், இட்லி மாவை வாளியில் விற்கிற ஊர். போன மார்ச்சில் மளிகைக் கடை வாசலில் பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் ஃபிடில் வாசித்துக்கொண்டிருந்தார். வில்லில் தேய்த்த ரோசினின் வாசனை, வெயிலில் இளகிய மரப்பிசின் வாசனை, என்னைக் கறிவேப்பிலைப் பையோடு நிறுத்திவிட்டது. மகள் கைபேசியை இசை வந்த பக்கம் நீட்டினாள். மூன்றே நொடி. மெட்டின் பெயர், கூடவே பதினான்கு மாற்றுப் பெயர்கள்.

"ஸீ அப்பா? ஈஸி."

அந்தப் பெயரைத் தேடி நான் ஒன்பது மாதம் அலைந்திருக்கிறேன்.

இரண்டாயிரம் பிறந்தால் கணினிகளெல்லாம் செத்துவிடும் என்று உலகம் நடுங்கிய காலம். அந்த நடுக்கம்தான் ஜெர்சி சிட்டியில் எங்களுக்குச் சோறு போட்டது. எங்களுக்கு என்றால் எனக்கும் அறைத்தோழன் ஆரோக்கியத்துக்கும். தூத்துக்குடிக்காரன். ஞாயிறு பூசை முடிந்து வந்தவன் சொன்னான்: "ஏல, கோயிலுக்குப் பின்னால ஒரு பார். பத்துப் பேரு வட்டமா ஒக்காந்து ஒன் பொட்டியத்தான் வாசிக்காங்க."

என் பெட்டி மாம்பலத்திலிருந்து வந்தது. எட்டு வருடம் வயலின் கற்று, ஒரே ஒரு கல்யாணத்தில் வாசித்து, அங்கே நாதஸ்வரக்காரர் பார்த்த பார்வையில் நிறுத்தியவன் நான். முதல் நாள் அந்த பாரில், தரையில் உட்கார்ந்து வாசிக்கலாமா என்று கேட்டேன். எனக்கு மயக்கம் வருகிறதென்று நினைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

அந்த வட்டத்துக்குச் சட்டங்கள் உண்டு. காகிதம் பார்க்கக் கூடாது. ஒரு மெட்டை மூன்று முறை வாசித்ததும், நிறுத்தாமல் இன்னொன்றுக்குத் தாவ வேண்டும். எதற்குத் தாவுவது என்பது ஆரம்பித்தவர் இஷ்டம். ஆரம்பிக்கவோ, யாராவது அழைக்க வேண்டும். வாரம் முழுக்க அலுவலகத்தில் என் பெயரைப் பாதியாக நறுக்கிக் கூப்பிட்டார்கள்; ஞாயிறு மத்தியானம் ஒருவர் "நீ ஆரம்பி" என்று சொன்னால் போதும், முழு மனிதனாகிவிடுவேன் என்று தோன்றியது. சிரிக்காதீர்கள். முப்பது வயதில் அப்படித்தான் தோன்றும்.

ஒரு ஜிக், ஐரிஷ்காரர்களின் ஆட்டமெட்டு, என்னைப் பிடித்துக்கொண்டது. தகிட தகிட என்று குதிரைக்குட்டிபோல ஓடும். பெயர் கேட்டேன். நாலு பேர் நாலு பெயர் சொன்னார்கள். வட்டத்தை நடத்திய நோரா, ஆஸ்பத்திரி நர்ஸ், என்னைவிடப் பத்து வயது மூத்தவள், சிரித்தாள். யாரிடமிருந்து எடுத்தோமோ அவர் பெயர்தான் மெட்டுக்கு, எனக்கு இது டாமின் ஜிக் என்றாள்.

மேஜைக்கடியில் டேப் ரெக்கார்டர் வைத்து இரண்டு மெட்டுகளைப் பிடித்தேன். ஸ்வரம் எழுதினேன். ஒன்று சங்கராபரணம், மற்றது ஹரிகாம்போஜி. மேல் 'நி', அதாவது நிஷாதம், அரைப்படி இறங்கினால் நம்மூரில் ராகமே வேறு. சபாவில் அதற்காகப் பேச்சுவார்த்தை முறிந்த குடும்பங்கள் உண்டு.

ஒரு ஞாயிறு நோராவின் வில் என் பக்கம் நீண்டது. "யூ ஸ்டார்ட்."

சங்கராபரணத்தை ஆரம்பித்தேன். பத்து வில்களும் என் பின்னால் வந்தன. பாரின் தரை தகிட தகிட என்று அதிர்ந்தது. மூன்றாவது சுற்று முடிந்ததும், மகாராஜாபோலத் தலையசைத்து ஹரிகாம்போஜிக்குத் தாவினேன். வில்களெல்லாம் அரை நொடி தடுமாறின. பிறகு நோரா சிரித்தாள், பிறகு எல்லோரும், சிரித்துக்கொண்டே வாசித்தார்கள். அவர்களுக்கு அது அதே மெட்டு. ஒரு கிராமத்தில் 'நி' ஏறும், பக்கத்துக் கிராமத்தில் இறங்கும், அவ்வளவுதான். சட்டப்படி ஒன்றை ஒருமுறைதான் எடுக்கலாம். நான் உடனே மறுபடி எடுத்திருந்தேன்.

திரும்பும் வழியெல்லாம், வேடிக்கை பார்க்க வந்திருந்த ஆரோக்கியம் விழுந்து விழுந்து சிரித்தான். "ஏ பாகவதரே, ஒரே பொண்ணுக்கு ரெண்டு தடவ தாலி கட்டிட்டியல!"

"நிஷாதம் வேறடா!"

"பொட்ட மாத்துனா வேற பொண்ணாயிருவாளாக்கும்?"

அடுத்த ஞாயிறு வேலை இருக்கிறது என்றேன். அதற்கடுத்த ஞாயிறும். பிறகு பிராஜெக்ட் என்னைக் கலிஃபோர்னியாவுக்குத் தூக்கிக்கொண்டு வந்தது. என் ரோஷத்துக்குக் கம்பெனி செலவில் டிக்கெட்.

சில மாதம் கழித்து ஆரோக்கியம் போன் பண்ணினான். "ஏல, இப்ப அவங்க அத ஆறு தடவதான் வாசிக்காங்க. மூணு ஒன் பாணி, மூணு ஒன் இன்னொரு பாணி. பேரு என்னன்னு நோராட்ட கேட்டேன். மெட்ராஸ்காரன் ஜிக்காம்."

கேலி என்று எடுத்துக்கொண்டேன். கிரீன் கார்டு பேச்சுக்கு மாறினேன். அது உண்மையா, என்னைத் தேற்ற அவன் கட்டிவிட்டதா என்று கேட்கத் தோன்றியபோது கேட்க ஆளில்லை. ஆரோக்கியம் போய் ஆறு வருடம். அந்த பார் இருந்த இடத்தில் கைபேசி விற்கிறார்கள். நோரா எங்கே என்று யாரைக் கேட்பது?

மகளிடமிருந்து கைபேசியை வாங்கிப் பதினான்கு பெயர்களையும் இரண்டு தரம் படித்தேன். டாம் இருந்தான். மெட்ராஸ்காரன் இல்லை.

பச்சைச் சட்டைக்காரர் மூன்றாவது சுற்றை முடித்தார். 'நி' இறங்கும் என்று காத்து நின்றேன். அவர் சட்டப்படி வேறு மெட்டுக்குப் போய்விட்டார்.