அக்கா விசாரிக்காமல் விட்டது

அக்காவின் இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரை நான் என் வீட்டு கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறேன். அதற்குக் காரணம் சொல்லவே இந்தக் கட்டுரை.

அக்கா திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்தவராகப் பிறந்தார். அடுத்துப் பிறந்தவன் நான். பெற்றோர் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். காரணத்தை நான் கேட்டதில்லை. அத்தான் இளம் வயதிலேயே காலமான பின், பிள்ளையில்லாத அக்கா நிலத்தைத் தாமே பயிரிட்டார். உர மூட்டையைப் பிரித்து முகர்ந்து பார்ப்பார். நெல் எடை போடுகையில் முள்ளைப் பார்க்காமல் போடுபவர் முகத்தைப் பார்ப்பார். சந்தேகம்தான் அவருடைய சொத்து. நிலம் அதற்கு அடுத்தபடி.

பீடி வாடையே ஆகாத அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்றதும் உறவினர் பார்வையெல்லாம் என் சட்டைப் பைக்குப் போனது. நான் சிகரெட்டை விட்டுப் பல வருஷமாகிறது என்பதை யாரும் நம்பவில்லை. அக்கா நம்பினார், பையைத் தடவிப் பார்த்துவிட்டு.

தஞ்சாவூரில் மருத்துவர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். "ரத்தத்துல இருக்கற வெள்ளை அணுக்கள்தான் உடம்புக்குக் காவல்மா. ஆனா புற்றுநோய் செல் அதுங்ககிட்ட 'நானும் இந்த வீட்டு ஆளுதான்'னு ஒரு அடையாளத்தக் காட்டி ஏமாத்திடுது."

"எங்க ஊர்ல மடைக்குக் காவல் போட்டாலும் இதே கதைதாங்க டாக்டர். காவக்காரனக் கையில போட்டுக்கிட்டுதான் தண்ணிய வெட்டி விடுவான்."

"அந்த ஏமாத்து வேலையத் தடுக்க ஒரு மருந்து தர்றோம். கூடவே கீமோ. அதுல வெள்ளை அணுவும் குறையும். அப்ப சாதாரணக் காய்ச்சல்கூட ஆபத்து. பாக்க யாரும் வரக்கூடாது."

"கள்ளனோட சேத்து காவக்காரனையும் அடிப்பீங்களா?"

"கொஞ்ச நாள்தான். திரும்ப வந்துடும்மா."

"யாரு, காவக்காரனா, கள்ளனா?"

மருத்துவர் சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

சிகிச்சைக் காலத்தில் அக்கா எங்களோடு தஞ்சாவூரில் இருந்தார். நம் பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால் போய்ப் பார்க்காதது குற்றம். பார்க்க வந்தவரைத் தடுப்பது அதைவிடப் பெரிய குற்றம். கும்பகோணத்திலிருந்து சின்ன மாமா பையில் சாத்துக்குடியோடு வந்து நின்றார்.

"என்னடா மாப்ள, வாட்ச்மேன் வேலையில சேந்துட்டியா?"

"வெள்ளை அணு கம்மியா இருக்கு மாமா."

"நான் என்ன அணுவப் பாக்கவா வந்தேன்? நான் தூக்கி வளத்த புள்ளயப் பாக்க வந்தேன். நகருடா!"

நான் நகரவில்லை. நிலத்தை எழுதி வாங்கத்தான் கேட்டைப் பூட்டினேன் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அதுகூடப் பரவாயில்லை. உள்ளே அக்காவும் விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

"மாமா குரல் கேட்டுச்சே, ஏன் உள்ள வரல? எங்கிட்ட எதடா மறைக்கிறீங்க?"

"அணு குறைஞ்சிருக்குக்கா."

"நீ எண்ணிப் பாத்தியா?"

மருத்துவருக்குத் தாமே போன் செய்து கேட்டார். பிறகு முகக்கவசத்தோடு ஜன்னலுக்கு வந்தார். "மாமா, இந்தத் தடவ இவன் சொல்றது நெசந்தான். அங்கயே ஒக்காருங்க. சம்பா எப்படி இருக்கு?"

அன்று முதல் மாமா தெருவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நடவிலிருந்து பூச்சி மருந்துவரை ஜன்னலோடு கத்திப் பேசினார். வெள்ளை அணு ஏறிய வாரங்களில் உள்ளே வந்தார். முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு.

மருந்து நன்றாகவே வேலை செய்தது. அக்கா இரண்டு சம்பா அறுவடை பார்த்தார். பிறகு நோய் வேறு வழி கண்டுபிடித்துக்கொண்டது. "இனி யார் வேணும்னாலும் வந்து பாக்கட்டும்" என்றார் மருத்துவர். நான் கேட்டைத் திறந்து வைத்து உங்கள் எல்லோருக்கும் சொல்லி அனுப்பினேன்.

கூடத்தில் பேச்சுக்குரல் கூடியது. "என்னடா, இன்னைக்கு யாரையும் நிறுத்தலையா?" என்றார் அக்கா.

"அணு ஏறிடுச்சுக்கா."

எடை போடுபவரைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். போனைக் கேட்கவில்லை. "சரி, ஏறிடுச்சுன்னே வச்சுக்குவோம். மாமாவ மொதல்ல வரச் சொல்லு" என்றார்.

சிகிச்சை அளித்த மருத்துவருக்கும் செவிலியருக்கும், கோபித்துக்கொண்டாலும் கேட்டைத் தாண்டாமல் திரும்பிய உங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சின்ன மாமாவுக்குத் தனியாக ஒன்று. கேட்டைத் திறந்துவிட்ட அன்றும் அவர் வாசல் குழாயடியில் நின்று முழங்கை வரை சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார். இனி வேண்டாம் மாமா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.