வலது கையில் உட்கார்ந்த கிளி

என் கையெழுத்து கோணலாக இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பிழைகளையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லக் கூச்சம், அதனால் எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் என் மனைவி ரவிக்கைகளுக்கு ஆரி வேலை செய்கிறாள். மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரிகையில் பூவும் கொடியும் தைப்பது. அதற்குப் படம் பதிப்பது என் வேலை. காகிதத்தில் வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளையிட்டு, துணிமேல் வைத்து வெள்ளைப் பொடியைத் தேய்ப்பேன். யாரிடமும் பேச வேண்டாம்.

இந்த வைகாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ஒரு கல்யாணப் பெண் தன் தாயோடு வந்தாள். பட்டும் பருத்தியும் கலந்த மாம்பழ நிறச் சேலை, மாப்பிள்ளை வீட்டார் எடுத்தது. அதே துணியில் சேலையோடு வந்த ரவிக்கைத் துண்டு ஒன்றே ஒன்றுதான்.

"ஆண்டாளுக்கு இருக்க மாதிரி இடது கையில மட்டும் ஒரு கிளி வேணும்ணே" என்றாள்.

சுவரில் தொங்கிய ஆண்டாள் காலண்டரைப் பார்த்தே வரைந்தேன். படத்தில் கிளி எந்தப் பக்கம் தெரிந்ததோ அந்தப் பக்கத்துக் கையில் பதித்தேன். மனைவி என் கோட்டை நம்பித் தைத்தாள்.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது இருவரும் பார்க்க வந்தார்கள். மனைவி துணியைச் சட்டத்திலிருந்து கழற்றிப் பெண்ணின் தோளில் பொருத்திக் காட்டினாள். கிளி வலது கையில் உட்கார்ந்திருந்தது.

பெண் சிரித்துவிட்டாள். "ஏண்ணே, ஆண்டாள் கண்ணாடிக்குள்ளயா நிக்காக?"

"சிரிக்காத ஏட்டி! மாப்ள வீட்டுல எடுத்த சேலை. வேற துணிக்கு எங்க போக?" என்றார் தாய்.

மனைவி காலண்டரைப் பார்த்தாள். "ஏங்க, அவிய நம்மளப் பாத்துல்லா நிக்காக! அவிய இடது கை நமக்கு வலப்பக்கமாத்தான தெரியும்?"

நான் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

"ரெண்டு கையிலயும் போட்டுருவமா?" என்று மனைவி கேட்டாள்.

"ஆண்டாளுக்கு ஒரு கிளிதானக்கா" என்றாள் பெண். இப்போது சிரிப்பு இல்லை.

மனைவி கடைசி முடிச்சை வெட்டி இழுத்தாள். கிளி வாலிலிருந்து தலைவரை சரசரவென்று அவிழ்ந்து வந்தது. ஆனால் ஊசித் துளைகள் அப்படியே நின்றன. வெளிச்சத்தில் பிடித்தால் இறகு இறகாகத் தெரிந்தது. தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"செத்த நேரம் இருங்க" என்று மனைவி இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள். ஆவியில் துணியைக் காட்டி, நகத்தால் நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை வருடினாள். "பட்டு வழுக்கும். பருத்திதான் ஈரத்தக் குடிச்சு ஊதிக் கூடிக்கிடும்" என்றாள்.

நான் கதவுக்குப் பின்னாலிருந்து மெல்ல வந்தேன். எத்தனையோ கலப்புத் துணிகளைத் தொட்டிருக்கிறேன். உயிருள்ள தோல் ஆறுவதுபோல ஒரு துணி என் கண்முன்னே மூடிக்கொள்வதை அன்றுதான் பார்த்தேன். வால் போனது. இறகுகள் போயின. கண் இருந்த இடத்தில் மட்டும் ஒரு துளை அடம்பிடித்தது. அதற்கு மூன்று தடவை ஆவி காட்டினாள். மூன்றாவது தடவையில் அதுவும் மூடியது.

பெண் துணியை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தாள்.

"எங்கண்ணே இருந்துச்சு?"

விரலால் தடவித் தேடினேன். "தெரியலம்மா" என்றேன்.

அன்றைக்கே இடது கையில் கிளியைப் பதித்தேன். மூன்றாம் நாள் வந்து வாங்கிப் போனார்கள்.

எழுதியது: ஆடி பதினொன்றாம் தேதி.