மஞ்சள் பட்ட செற்றி

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் வீடு எங்களுடையதல்ல. என் கணவரின் அக்கா, அதாவது என் மச்சாளும் அவருடைய கணவரும் கனடாவில் இருந்தபடி வாங்கிவிட்ட பிளாட். கவனமாகப் பார்த்துக்கொள்ளும்வரை இருக்கலாம் என்பது பேச்சு. அதிலும் மச்சாளின் கணவருக்கு உயிர், முன் அறையில் கிடக்கும் பால் நிற லெதர் செற்றி. கடையிலிருந்து வந்த பொலித்தீன் உறையோடேயே அது இத்தனை வருடமும் கிடந்தது. அதன்மேல் இருந்தால் சரசரக்கும், வியர்வையில் ஒட்டும். கழற்ற யாருக்குத் துணிவு?

மச்சாள் வரப்போகிறார் என்றதும், துடைத்து வைப்போமென்று உறையை வெட்டிக் கழற்றினேன். கடற்காற்றின் ஈரம் உள்ளே அடைபட்டு, நடு இருக்கை முழுக்கப் பூஞ்சணம். கிருமி என்றால் எங்களுக்கு மஞ்சள்தானே? கரைத்து, துணியில் தோய்த்து, அழுத்தித் துடைத்தேன். பூஞ்சணம் போய்விட்டது. மஞ்சள் போகவில்லை. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்த கதைதான்.

சவர்க்கார நுரை போட்டேன். பம்பலப்பிட்டியில் லெதருக்கென்று விற்கும் கிறீமை வாங்கித் தேய்த்தேன். மஞ்சள் இன்னும் பளபளத்தது. துணி விரித்து மூடலாம்தான். ஆனால் மச்சாள் விலக்கிப் பார்க்கிற ஆள். இந்த வீட்டை விட்டால் கொழும்பில் எங்கே போவோம்? லிப்ட் சத்தம் கேட்டாலே ஓடிப்போய்க் கதவு ஓட்டையால் எட்டிப் பார்த்தேன்.

"அக்கா ஒண்டும் சொல்லமாட்டா," என்றார் கணவர்.

"உங்களுக்குச் சொல்லமாட்டா. எனக்கு?"

மச்சாள் வரும் நாளில் மணி அடித்ததும் அவர் கதவைத் திறக்கப் போனார். நான் ஓடிப்போய் மஞ்சளின் மேல் இருந்துவிட்டேன். மூத்தவர் வாசலில் நிற்க இருந்த இடத்தை விட்டு எழும்பாமல் இருப்பது எங்கள் வீடுகளில் நடக்காத காரியம். தெரிந்துதான் இருந்தேன்.

மச்சாள் உள்ளே வந்து என்னையே பார்த்தார். "என்ன பிள்ளை, எழும்பமாட்டியோ?"

"கால் விறைச்சுப் போச்சு மச்சாள்."

பையைக் கீழே போட்டுவிட்டு அவர் அப்படியே நிலத்தில் குந்தினார். "எந்தக் கால்? தா, பிடிச்சு விடுறன்."

மூத்தவர் என் காலைத் தொடுவதா? பதறியடித்து எழும்பிவிட்டேன். எனக்குப் பின்னால் மஞ்சள் பளிச்சென்று கிடந்தது. மச்சாள் அதைப் பார்த்தார். நான் அழத் தொடங்கினேன். அவர் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. வீடியோ அழைப்பு; திரையில் அவருடைய கணவர்.

"வந்து சேந்திட்டீரோ? செற்றியைக் காட்டும் பாப்பம்."

மச்சாளின் முகம் வெளிறியது. அப்படியொரு முகத்தை அதுவரை நான் கண்ணாடியில் மட்டுமே பார்த்திருக்கிறேன். அவர் சட்டென்று போய் மஞ்சளின் மேல் இருந்தார்.

"இந்தா, அதிலைதான் இருக்கிறன். புதுசு மாதிரிக் கிடக்கு."

"கொஞ்சம் எழும்பும், வடிவாப் பாப்பம்."

"ஏலாதப்பா," என்றார் மச்சாள். "கால் விறைச்சுப் போச்சு."