என் மூக்கும் இரண்டு லென்சும்

நாலாம் வகுப்போடு நின்றவன் நான். கோணல் எழுத்தையும் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஜாதகத்தோடு அனுப்பிய என் போட்டோ இரண்டு பெண் வீடுகளிலிருந்து திரும்பி வந்துவிட்டது. அதில் முகத்தை முந்திக்கொண்டு மூக்குதான் விழுந்திருந்தது. மூன்றாவதாகக் கீழக்குயில்குடியில் போட்டோ கேட்டார்கள். இதுவும் திரும்பினால் கல்யாணப் பேச்சையே விட்டுவிடுவது என்று, மாசி வீதியில் வேறொரு போட்டோக்காரரிடம் போனேன். ஒல்லியான மனிதர். எதையும் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார், வீதியில் போகிற மாட்டைக்கூட.

என்னையும் அப்படித்தான் பார்த்தார். "கிட்டக்க நின்னு எடுத்திருக்கான் பாவி. எட்டப் போனாத்தாண்ணே இந்த மூக்கு அடங்கும்."

சின்ன லென்சைக் கழற்றி, தூரத்திலிருந்து எடுக்கும் நீள லென்சை மாட்டினார். அறையில் இடம் போதவில்லை. என்னை வாசலில் உட்காரவைத்து, கேமராவோடு நடுவீதிக்குப் போய்விட்டார். குதிரை வண்டிகள் நின்றன.

"என்னய்யா, மறியலா?" என்றார் ஒரு வண்டிக்காரர்.

"அண்ணன் மூக்கு அம்புட்டுப் பெருசு, கொஞ்சம் பொறுங்கப்பா!" என்று கேமராவின் கறுப்புத் துணிக்குள்ளிருந்து கத்தினார் போட்டோக்காரர். கூட்டமே என் மூக்கைப் பார்த்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

அந்தப் போட்டோவுக்குப் பெண் கிடைத்தது. கல்யாணமானதும் ஜோடிப் படம் எடுக்க மனைவியோடு அவரிடமே போனேன். அவர் சின்ன லென்சை மாட்டினார்.

"மூக்கு?" என்றேன் மெதுவாக.

"அதான் தாலி கட்டியாச்சுல்ல மாப்ள, இனி எப்பிடி விழுந்தா என்ன?"

மனைவி குலுங்கிச் சிரித்ததில் படத்தில் அவள் முகம் கலங்கிவிட்டது. என் மூக்கு மட்டும் துல்லியமாக இருக்கிறது. அந்த மனிதரைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

எழுதி முடித்தது: 1943, தை மாதம் ஒன்பதாம் தேதி.