எழுமலை மேகம் எங்கே போச்சு?

போன சனிக்கிழமை ஒரு ஏசி ஹாலில் உட்கார்ந்திருந்தேன். ‘பருவநிலை மாற்றம் – அறிவைப் பகிர்வோம், கைகோர்ப்போம்’ என்று பேனர். எல்லாரும் விசிட்டிங் கார்டைப் பகிர்ந்துகொண்டோம். கூட்டணிகள் ஏன் பாதியில் உடைகின்றன என்று ஒருவர் மேடையில் கேட்டார். எனக்கு சாந்தாராம் ஞாபகம் வந்துவிட்டது.

சாந்தாராம், மதுரை பழங்காநத்தத்தில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். சுங்கடிச் சேலைக்குச் சாயம் போடுகிறவர். வீட்டில் சௌராஷ்டிர பாஷை, தெருவில் மதுரைத் தமிழ்... மழை வந்தால் இரண்டிலும் திட்டுவார். சாயச் சேலை மொட்டைமாடியில் காய வேண்டுமே! முன்பெல்லாம் மழைக்கு ஒரு மாதம், ஒரு நேரம் இருந்தது. இப்போது கொளுத்தும் வெயிலுக்கு நடுவில் கொட்டிவிட்டுப் போகிறது. ஒருமுறை மொத்தச் சேலையும் திட்டுத் திட்டாகிப் போனது. இன்னொரு தடவை இப்படியானால் பட்டறையை மூடிவிட்டு ஜவுளிக்கடை வேலைக்குப் போகவேண்டியதுதான் என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போதுதான் மாட்டுத்தாவணி பஸ்ஸில் எங்கள் இருவருக்கும் தவசி பழக்கமானார். மதுரைக்கு மேற்கே எழுமலையில் மல்லிகைத் தோட்டம் போட்டிருக்கிறார். அங்கே மழை இறங்கினால் பெரும்பாலும் மதுரைக்கும் வரும் என்றார். உடனே ஒப்பந்தம் – அங்கே தூறல் விழுந்தால் சாந்தாராம் செல்லுக்கு ஒரு மிஸ்டு கால். பைசா செலவில்லாத வானிலை நிலையம்!

கொஞ்ச காலம் ஜோராக ஓடியது. பிறகு ஒருநாள் மிஸ்டு கால் வந்தது, மழை வரவில்லை. மறுநாளும் அதே கதை. ஈரச் சேலைகளை இறக்கி ஏற்றிய எரிச்சலில் சாந்தாராம் போன் போட்டுக் கத்திவிட்டார். அன்றோடு மிஸ்டு கால் நின்றது.

இந்த மாதம் பெரிய ஆர்டர். வானம் கறுப்பதும் வெளுப்பதுமாக இருக்கிறது. மனிதர் அண்ணாந்து பார்த்தே கழுத்து சுளுக்கிக்கொண்டார். அந்த ஏசி ஹால் கூட்டத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, நானே அவரை எழுமலைக்கு இழுத்துப் போனேன்.

தவசி மோர் கொடுத்தார். முகம்தான் கொடுக்கவில்லை. சாந்தாராம் மன்னிப்பு மாதிரி ஏதோ முனகினார்.

“திட்டுனது பெருசில்லண்ணே. அம்புட்டு நாளு போன் அடிச்சேன். அங்க பேஞ்சுச்சா, பேயலையான்னு ஒரு நாளாச்சும் சொன்னீகளா? தப்பாப் போனா மட்டும் போன் வருது. எங்க ஊரு மேகம் எங்க போச்சுன்னு எனக்கும் தெரியணும்ல?”

  யோசித்துப் பாருங்கள்... டாக்டர், ஜோசியர், ரேடியோவில் வானிலை சொல்பவர் – சரியாகச் சொன்னதற்காக யாரையாவது தேடிப்போய்ச் சொல்லியிருக்கிறோமா? பலிக்காவிட்டால் மட்டும் நமக்கு எவ்வளவு பெரிய வாய்!

கடைசியில் புது ஒப்பந்தம் போட்டார்கள். மழை வந்தாலும் வராவிட்டாலும் சாயங்காலம் சாந்தாராம் போன் பண்ணிச் சொல்லவேண்டும். பொய்த்தால் திட்டக்கூடாது.

முந்தாநாள் மிஸ்டு கால் வந்தது, மழையும் வந்தது. ஒரு சேலைகூட நனையவில்லை. அன்றைக்குப் போன் பண்ணுவது சுலபம். நேற்றுதான் பரீட்சை. மிஸ்டு கால் வந்து, ஆர்டர் சேலை அத்தனையையும் நாங்கள் இருவரும் கீழே சுமந்து வந்தோம். சாயங்காலம் வரை பல்லைக் காட்டி வெயில் அடித்தது.

சாந்தாராம் கடுகடுவென்று போனை எடுத்தார். போச்சுடா என்று நினைத்தேன்.

“தவசி... இங்க ஒரு சொட்டு இல்லப்பா.” கொஞ்சம் நிறுத்தினார். “நாளைக்கும் அடி, என்ன?”

மனசு குளிர்ந்துவிட்டது. தோள்பட்டை வலிதான் இன்னும் போகவில்லை!