கண்ணம்மாள் பெயரில் சுந்தரி

பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவதற்கென்றே ஆம்பூரில் ஒருத்தி சம்பளத்துக்கு இருந்தாள் என்றால் இன்றைக்கு யார் நம்புவார்கள்? இருந்தாள். பெயர் செண்பகம். இருபது வருஷம் அந்த வேலை பார்த்தாள். வெயில் ஏறுவதற்குள் தெருத் தெருவாகப் போய், வாசற்படி ஏறாமல் தெருவிலேயே நின்று, "பாப்பாவ அனுப்புங்கம்மா, பத்திரமா இட்டாந்து வுட்டுர்றேன்" என்று கெஞ்சுவாள். நாலைந்து வயசுக் குஞ்சுகளை முன்னே விட்டு, அவர்கள்மேல் கை படாமல் பின்னே நடப்பாள். ஏன் படக்கூடாது? அவள் புருஷன் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் இறங்கி வேலை பார்த்துச் செத்தவன். அந்தத் தோலைச் சீமைக்கு அனுப்பி வந்த காசு மட்டும் ஊரில் யாருக்கும் நாறவில்லை.

முதல் பெரிய யுத்தத்துக்கு இரண்டு வருஷம் முந்தி, அவளுக்கும் ஐந்து வயதில் ஒரு பெண் இருந்தாள், சுந்தரி. ஊரார் பிள்ளைகளைப் பாலர் வகுப்பில் விடுகிறவள், தன் பிள்ளையைத் தோல் ஊறவைக்க ஆவாரம்பட்டை இடிக்கும் கொட்டகையில் விட்டுவைத்திருந்தாள். வகுப்பில் பாடும் பாட்டுகளை ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டு வந்து மகளுக்குப் பாடிக் காட்டுவாள். சுந்தரியை எப்படியாவது அந்த வகுப்புக்குள் உட்கார வைத்துவிட வேண்டும். செண்பகத்துக்கு வேறு ஆசையே கிடையாது. டீச்சரம்மாவிடம் வாய்விட்டே கேட்டாள்.

"உன் பொண்ணு உள்ள வந்தா மத்ததுங்க வெளிய போய்டும். பேஜார் பண்ணாத, போ" என்று டீச்சரம்மா ஒரே போடாகப் போட்டுவிட்டாள்.

அந்த வருஷம் கண்ணம்மாள் என்ற ஆறு வயசுப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, படிப்பை நிறுத்திவிட்டார்கள். மறுநாள் பள்ளியைப் பார்வையிட வெள்ளைக்கார இன்ஸ்பெக்டர் துரைசானி வருகிறாள். தலை குறைந்தால் சர்க்கார் மானியம் போய்விடும், மானியம் போனால் பள்ளியே போய்விடும். அப்போதுதான் டீச்சரம்மாவுக்குச் சுந்தரி நினைவுக்கு வந்தாள்.

"ஒரு நாளைக்கு உன் பொண்ண கண்ணம்மாள்னு உக்கார வை. நல்லா பதில் சொன்னான்னா, அப்புறம் அவளச் சேத்துக்கறதப் பத்திப் பேசலாம்."

செண்பகத்துக்குத் தலைகால் புரியவில்லை. மகளுக்கு எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு, கொட்டகை நாற்றம் போகத் தேய் தேய் என்று தேய்த்தாள். பிள்ளைக்கு உடம்பெல்லாம் சிவந்துவிட்டது.

"உன் பேரு இன்னா?"

"சுந்தரி."

செண்பகம் பளார் என்று ஒரு அறை விட்டாள். "உன் பேரு இன்னா?"

"கண்ணம்மாள்."

மற்ற பிள்ளைகளிடம், இது பள்ளிகொண்டாவிலிருந்து வந்த புதுப் பிள்ளை, இவள் பெயரும் கண்ணம்மாள்தான் என்று டீச்சரம்மா சொல்லிவைத்தாள். சுந்தரியைச் சும்மா சொல்லக்கூடாது, அசத்திவிட்டாள்! பாட்டுக்குக் கையை விரித்து ஆடினாள், மணிகளை நிறம் பிரித்துக் கோத்தாள். துரைசானி சொக்கிப் போய், அவள் கையில் ஒரு சீமைப் பொம்மையைக் கொடுத்தாள். "கண்ணம்மாள் நல்ல பெண். அடுத்த வருஷம் வந்து பார்ப்பேன்" என்று தனக்கு வந்த தமிழில் சொல்லிவிட்டுப் போனாள்.

வினை அங்கேதான் பிடித்தது. துரைசானியின் வண்டி தெருமுனை தாண்டியதும் செண்பகம் ஓடிவந்து, "எப்பம்மா சேத்துக்குவீங்க?" என்றாள்.

"இன்னா பேசற நீ? துரைசானி அவ மூஞ்சிய நல்லா பாத்துட்டுப் போய்ட்டாங்க. இவள சுந்தரின்னு சேத்தா, கண்ணம்மாள் எங்கன்னு கேக்க மாட்டாங்களா? இனிமே வருஷத்துக்கு ஒரு நாள் கண்ணம்மாளா வந்துட்டுப் போகட்டும். மத்த நாள்ல இந்தப் பக்கமே தலை காட்டக்கூடாது, யார் பொண்ணுன்னு ஊருக்குத் தெரிஞ்சிடும்." பிறகு பொம்மையைக் காட்டினாள். "அத கண்ணம்மா வீட்ல குடுத்துடு. அந்த ஆசைக்கு அவ தங்கச்சியாவது வரட்டும்."

சுந்தரி பொம்மையை விடவில்லை. செண்பகம் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பிடுங்கினாள். மறுநாளே கண்ணம்மாளின் தங்கை வகுப்புக்கு வந்தாள். இந்தப் பக்கத்தில் பெண்பிள்ளைகள் சேர்க்கை ஏறிக்கொண்டே போகிறது என்று துரைசானி மேலிடத்துக்கு எழுதினாளாம். ஏறாமல் என்ன செய்யும்?

அடுத்த வருஷம் பதிவேட்டில் கண்ணம்மாளை ஒன்றாம் வகுப்புக்கு ஏற்றியாகிவிட்டது. பட்டை பொறுக்கிப் பொறுக்கிச் சுந்தரியின் கை காய்த்துப் போயிருந்தது. சொன்னபடி வந்த துரைசானி, கண்ணம்மாளாக உட்கார்ந்திருந்தவளை ஆசையாகக் கூப்பிட்டுப் புத்தகத்தைப் பிரித்து, "படி" என்றாள். பாட்டென்றால் ஜன்னல் வழியாக வரும், எழுத்து வருமா? பிள்ளை விழித்தாள்.

"படி, கண்ணம்மா."

"என் பேரு கண்ணம்மாள்."

"சரி, படி."

"என் பேரு கண்ணம்மாள்" என்றாள் மறுபடியும். வகுப்பே சிரித்தது. துரைசானிக்கு முகம் சுண்டிவிட்டது. "ஒரு வருஷத்தில் இப்படியா மந்தமாகும்? இவளுக்குப் படிப்பு வராது, வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்றாள்.

"உன் பொண்ணு என் மானத்த வாங்கிட்டா" என்று டீச்சரம்மா வெளியே வந்து செண்பகத்தின்மேல் காறித் துப்பாத குறைதான்.

பாலாற்றங்கரையில் செண்பகம் மகளின் சடையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னா பெருசா கேட்டுட்டாங்க உன்ன? நாலு எழுத்து படிக்கச் சொன்னாங்க. அதுகூடத் தெரியாதாடி உனக்கு?" என்று முதுகில் அறைந்தாள்.

"யாரும் சொல்லிக் குடுக்கலியேம்மா" என்று பிள்ளை அலறினாள்.

செண்பகத்துக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்துதான் இன்னும் ஓங்கி அடித்தாள்.